காத்து திரும்புற நேரம்

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணனுக்கு,

பொடிசு எழுதுறேன். நீயும் அண்ணியும் சௌக்கியமா? அண்ணியோட முழங்கால் வலி எப்படி இருக்கு? உன் வாய் நல்லாத்தான் இருக்கும், அதை விசாரிக்க வேண்டியதில்ல.

ஃபோனை வச்சுக்கிட்டு இவ எதுக்குக் கடுதாசி எழுதுறான்னு நினைப்பே. எங்க குடித்தனம் இப்போ ஒரே ரூம்ல நடக்குது. ஏசி இருக்கிற ரூம் அது ஒண்ணுதான். அவர் கட்டில், என் தையல் மெஷின், துணி மூட்டை, அடுப்பைத் தவிர எல்லாமே அதுக்குள்ளதான். ஃபோன்ல நான் எது பேசினாலும் அவர் காதுல விழும். தன்னைப் பத்திப் பேச்சு வந்தா மூஞ்சியைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்குவார். அதான் அவர் மத்தியானம் கண் அசந்த நேரமா பார்த்து எழுதுறேன்.

பாய்லர்ல ஆவிக்குழாய் வெடிச்சு ஒன்றரை வருஷம் ஆகப்போகுது. புண்ணெல்லாம் ஆறிடுச்சு. ஆனா முதுகு, மார்பு, ரெண்டு கை, எல்லாம் ஒட்டுத்தோல். அந்தத் தோல்ல வேர்வை வராது. வேர்க்கலேன்னா உடம்புச் சூடு வெளியே போக வழியில்லாம உள்ளேயே ஏறுமாம். போன கோடையில ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினவர் மாடிப்படி இறங்கி முடிக்கிறதுக்குள்ள மயங்கி விழுந்தார். அதோட பகல்ல வெளியே போறதை விட்டார். இப்போ பொழுது சாஞ்சாலும் போறதில்ல. ஜன்னலுக்கு அட்டை வச்சு டேப் ஒட்டி, அதுக்கு மேல கறுப்புத் திரை. பாய்லர் முன்னாடி நின்னு சீட்டியடிச்சுக்கிட்டே வேலை பார்த்த மனுஷன், அண்ணா. திரையைக்கூட விலக்க விடமாட்டேங்கிறார்.

நான் தண்ணி பிடிக்க வாசலுக்கு வந்தா பக்கத்து வீட்டுக்காரங்க சிரிக்கிறாங்க. இந்த வெயில்ல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு வர்றவ இந்தத் தெருவுலேயே நான் ஒருத்திதான். கல்யாணம் ஆன புதுசுல மலைக்குப் போனப்போ வாங்கினோமே, அந்தப் பச்சை ஸ்வெட்டர். நல்ல உழைப்பு.

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உங்க வீட்டுக் காத்தைப் பத்தி நீ பன்னிரண்டு வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கே. ரீல் விடாம பதில் சொல்லு. வேர்வை வராத ஒரு மனுஷன், கோடை நாள்ல, மதியம் ரெண்டு மணிக்கு உங்க வீட்டு வாசல்ல உக்கார முடியுமா, முடியாதா?

அண்ணியை விசாரிச்சதா சொல்லு.

உன் தங்கச்சி


மார்ச் 3

என் அருமைப் பொடிசு,

உன் கடுதாசி கிடைச்சுது. நாங்க ரெண்டு பேரும் நலம். அண்ணி முழங்கால் அப்படியேதான் இருக்கு. ஆஸ்பத்திரியில நாள் பூரா ஊருக்கே ரத்தம் எடுக்கிறா, தன் காலுக்கு ஒரு மாத்திரை போட மாட்டேங்கிறா.

கேட்டியே ஒரு கேள்வி. முடியுமாவா? இங்க மதியம் ரெண்டு மணின்னா மனுஷனைத் தாலாட்டுற நேரம். வீட்டுக்கு முன்னாடி கடல், பின்னாடி காயல், ரெண்டு பக்கமும் பாறைக்குன்னு. நடுவுல சந்து மாதிரி இடம் இருக்கே, அதுலதான் நம்ம வீடு. காத்து வேற வழியில்லாம எங்க வாசல் வழியாத்தான் போகணும்.

கடைத்தெரு இங்கேருந்து ரெண்டு மைல். அங்க பஸ் ஏறுறப்போ ஜனங்க கையில கிடைச்சதை வச்சு விசிறிக்கிட்டு, டிரைவரைத் திட்டிக்கிட்டு வருவாங்க. பாலம் தாண்டி எங்க வளைவுல பஸ் திரும்பும் பாரு, பேச்சு அப்படியே நின்னுபோகும். ஒரு அம்மா குழந்தையோட சட்டைக் காலரை இழுத்து விடுவா. கண்டக்டர் எங்க ஸ்டாப்பைப் பேர் சொல்லிக் கூப்பிடுறதே இல்ல. "ஏ.சி. ஸ்டாப் எல்லாம் எறங்கு"ம்பார். பன்னிரண்டு வருஷமா நானும் அதே பஸ்ல வர்றேன், தினமும் அந்த வளைவுல வாயைப் பொளந்துக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன்.

துறைமுகத்துல படகு எஞ்ஜின் ரிப்பேருக்குப் போனா ஸ்பேனரைத் துணி சுத்தித்தான் பிடிக்கணும். அதே ஸ்பேனர் என் ஷெட்டுல சும்மா வெறுங்கையில எடுக்கலாம். ஷெட்டுக்குன்னு ஒரு ஃபேன் வாங்கினேன், சுத்த வேலையே இல்லாம துருப்பிடிச்சுப் போச்சு. சாயங்காலம் ஒரு பொடி மழை வரும், தரையில தூசி அடங்குற அளவுக்கு மட்டும். பொழுதுக்கும் காத்துதான், நிக்கிறதே இல்ல. தீப்பெட்டிக்கே குளிரெடுக்கிற ஊரு இது.

மாப்பிள்ளையை அனுப்பு. மேல் ரூம் காலியாத்தான் கிடக்கு. நான் வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்.

எப்பவும் உன்னையே நினைக்கிற,
அண்ணன்


மார்ச் 16

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்க ரெண்டு பேரும் நலம். அண்ணிக்கு என் அன்பு.

நீ கவர் மேல கொட்டை எழுத்துல அனுப்புநர் பேரைப் போட்டு வச்சே. தபால்காரர் வந்தப்போ நான் கடைக்குப் போயிருந்தேன். அவரே பிரிச்சுப் படிச்சுட்டார். இப்போ நான் எழுதுறதையும் கட்டில்ல இருந்தபடி பார்த்துக்கிட்டுத்தான் இருக்கார். அதனால மறைக்க ஒண்ணுமில்ல.

உன் கடுதாசியை எனக்கே வாசிச்சுக் காட்டினார். முடிச்சுட்டு, "உங்க ஊர் மீனெல்லாம் கம்பளி போட்டுக்கிட்டு அலையுமோ"ன்னு கேட்டார். எங்க கல்யாணப் பந்தல்ல நீ அவர்கிட்ட சொன்னது அவருக்கு இன்னும் மறக்கல. கரை தட்டின கப்பலை உன் படகுல கயிறு கட்டி ஒத்தை ஆளா இழுத்தேன்னு சொன்னியாமே. "கப்பலையே இழுத்தவர் காத்தை இழுக்க மாட்டாரா"ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டார். உன்னை வீட்டுல எல்லாரும் ரீல் மாஸ்டர்னு கூப்பிட்டது சும்மாவா? ஒரு தடவை உண்மை தேவைப்படுறப்போ நம்ப ஆள் இல்லாமப் போச்சு.

நீ எழுதினதுல பாதி நிஜமா இருந்தாலே போதும்னு நான் சொன்னேன். பாதி நிஜத்தை நம்பிப் போய் நடுவழியில விழ முடியாதுன்னுட்டார். அதுவும் நியாயம்தான்.

இங்க வெயில் இப்பவே ஆரம்பிச்சாச்சு. கரண்ட் போனா ஏத்தலாம்னு அடுப்படி அலமாரியில வச்சிருந்த மெழுகுவர்த்தியெல்லாம் தலை குனிஞ்சு நிக்குது.

கையெழுத்து கோணலா இருந்தா கண்டுக்காதே. பேனா சரியில்ல.

தங்கச்சி


மார்ச் 29

என் அருமைப் பொடிசு, மரியாதைக்குரிய மாப்பிள்ளை,

ரெண்டு பேரும் படிக்கிறீங்கன்னு தெரிஞ்சுபோச்சு, அதனால ரெண்டு பேருக்குமே வணக்கம். நாங்க இங்க சுகம். மாப்பிள்ளை, கப்பல் விஷயம் வேற. அது சின்னக் கப்பல்.

இந்தத் தடவை வாயால பேசப்போறதில்ல. சாட்சி அனுப்புறேன். கூட வர்ற பெட்டிக்குள்ள ஒரு மெழுகுவர்த்தி இருக்கு. மேல் ரூம்ல மேற்கு பார்த்த ஜன்னல் கட்டையில போன கோடைக்கு முன்னாடி நிறுத்தி வச்சது. முழுக் கோடையையும் அங்கேயேதான் நின்னு பார்த்துச்சு. ஒரு நூல் சாயல. உங்க அலமாரி மெழுகுவர்த்திக்குப் பக்கத்துல வச்சுப் பாருங்க. அதுக்கப்புறமும் நான் ரீல் விடுறேன்னா, நான் வாயை மூடிக்கிறேன்.

பஞ்சு வச்சு, அட்டை வச்சு, நானே கட்டினேன். அண்ணி ஏதோ சொல்ல வந்தா. நான் காதுல வாங்கிக்கல.

பொடிசு, உன் கையெழுத்துக்கு என்ன ஆச்சு? மணிமணியா எழுதுவியே, நான் கோணலா எழுதினா பிரம்பு எடுத்துக்கிட்டு வருவியே. நல்ல பேனா ஒண்ணு வாங்கிக்கோ.

உங்க பதிலுக்கு வழி பார்த்துக்கிட்டிருக்கிற,
ரீல் மாஸ்டர்


ஏப்ரல் 15

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் நலம்தானே? இங்க இன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் ரொம்ப நலம். காரணம் சொல்றேன்.

உன் சாட்சி வந்து சேர்ந்துச்சு. அவரே பெட்டியைப் பிரிச்சார். பஞ்சை எடுத்தார். உள்ளே உன் மெழுகுவர்த்தி தூண்டில் முள்ளு மாதிரி வளைஞ்சு படுத்திருந்துச்சு. தபால் வண்டியில, இந்த வெயில்ல, இவ்வளவு தூரம் வந்தா அது என்ன ஆகும்னு உனக்குத் தோணவே இல்லையா? அண்ணி சொல்ல வந்தது அதைத்தானே?

அவர் அதைக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோள் குலுங்குச்சு. அழறார்னு நினைச்சுட்டேன். பார்த்தா சிரிக்கிறார். சத்தமே வராம முதல்ல, அப்புறம் சத்தமா. கண்ணுல தண்ணி வந்து, இருமல் வந்து, கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். அந்த விபத்துக்கப்புறம் நான் கேட்ட முதல் சிரிப்பு அண்ணா அது. நான் மெஷினை நிறுத்திட்டுப் பார்த்துக்கிட்டே இருந்தேன். "சாட்சியே வழியில கவுந்துடுச்சே"ன்னு சொல்லிச் சொல்லி ராத்திரி சாப்பிடும்போதும் சிரிச்சார்.

அந்த வளைஞ்ச மெழுகுவர்த்தியை எறியவிடல. ஜன்னல் அட்டை மேல சொருகி வச்சிருக்கார். "உங்க அண்ணன் பொய் சொல்றவர்தான், ஆனா பொய்யை அனுப்பி வைக்கிறதுக்கு இவ்வளவு பஞ்சு சுத்த மாட்டார்"னு நேத்து சொன்னார். அப்புறம் உன்கிட்ட ஒரு கேள்வி கேக்கச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுறேன்.

"காத்து பகல்ல கடல்லேருந்து வரும். ராத்திரி கரையிலேருந்து கடலுக்குப் போகும். எங்க பாய்லர்லயும் அப்படித்தான், எந்தக் காத்து இழுப்பும் திசை மாறணும்னா நடுவுல ஒரு நேரம் நின்னே ஆகணும். நிக்கிறதே இல்லன்னு எழுதியிருக்கார். உங்க காத்து எப்போ நிக்கும்? நின்னா வீடு எப்படி இருக்கும்?"

இதுக்கு மட்டும் பதில் போடு. இன்னும் சரியான பேனா கிடைக்கல.

தங்கச்சி


மே 12

அண்ணா,

உன் பதிலே இல்ல. உடம்பு சரியில்லையா? அண்ணி எப்படி இருக்காங்க?

இங்க போன வாரம் ஒரு மத்தியானம் முழுக்க கரண்ட் போச்சு. ரூம் சூடேற ஆரம்பிச்சதும் அவர் பேச்சை நிறுத்திட்டார். துண்டு துண்டா நனைச்சு மேல போட்டேன், போட்ட துண்டு காயக் காய எடுத்து மறுபடி நனைச்சேன். பக்கத்து வீட்டுக்காரங்க ஐஸ் கொண்டுவந்து கொடுத்தாங்க. ஜன்னலைத் திறந்தா வெளியிலேருந்து வர்றது இன்னும் சூடு. கடைசியில என்னை யாருன்னு அடையாளம் தெரியாம, ஷிஃப்டு முடிஞ்சுதா, வால்வை மூடியாச்சான்னு கேட்டார். மூடியாச்சுன்னு சொன்னேன். வேற என்ன சொல்ல?

இப்போ தேறிட்டார். ஆனா டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி ஆகக் கூடாதுன்னு சொன்னார். ஆகக் கூடாதுன்னா நான் என்ன செய்யணும்னு அவர் சொல்லல.

அவர் தினமும் தபால் வந்துச்சான்னு கேக்குறார். நேரா கேக்கிறதில்ல, "கதவு தட்டின மாதிரி இருந்துச்சே"ன்னு கேக்குறார். இல்லன்னு சொன்னா, "பதில் இல்லேன்னா அதுவே பதில்தான்"ங்கிறார். நீ வளைஞ்சதையே அனுப்பினாலும் சிரிச்சுட்டு ஏத்துக்கிட்ட மனுஷனை இப்படிக் காக்க வைக்காதே.

தங்கச்சி


மே 19

அன்புள்ள பொடிசுக்கு,

அண்ணி எழுதுறேன். உங்க அண்ணன் நல்லா இருக்கார். அவருக்கு ஒரு நோவும் இல்ல. உன் வீட்டுக்காரர் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுறேன்னு உக்காந்து உக்காந்து கிழிச்சுப் போட்டுக்கிட்டு இருந்தார், அவ்வளவுதான். உண்மையைச் சொன்னா மாப்பிள்ளை வரமாட்டார், பொய்யைச் சொன்னா வந்து கஷ்டப்படுவார்னு குழம்பிப்போய் இருந்தார். கரண்ட் போன அன்னிக்கு நடந்ததை நீ எழுதியிருந்ததைப் படிச்சதும் ஷெட்டுக்குள்ள போய் உக்காந்துட்டார். அதான் பேனாவை நான் வாங்கிக்கிட்டேன்.

நான் ஊசி குத்துறப்போ யாருக்கும் வலிக்காதுன்னு சொல்றதில்ல. வலிக்கும், பொறுத்துக்கன்னுதான் சொல்லுவேன். இதையும் அப்படியே சொல்றேன்.

காத்து நிக்கும். தினமும் நிக்கும். காலையில நான் வேலைக்குக் கிளம்புறப்போ கரைக்காத்து ஓய ஆரம்பிக்கும். அதுக்கப்புறம் கடல்காத்து வர்ற வரைக்கும் ஒரு இலை அசையாது. ஒரு மணி நேரம்னு வச்சுக்கோ, சில நாள் கூட ஆகும். அந்த நேரத்துல வீடு புழுங்கும். லீவு நாள்ல நான் சுவத்துல முதுகை ஒட்டிக்கிட்டு முனகிக்கிட்டுதான் உக்காந்திருப்பேன். சாயங்காலமும் ஒரு தடவை நிக்கும், ஆனா அப்போ வெயில் இருக்காது. வருஷத்துல ஒரு சில நாள் காத்து மதியத்துக்கு மேலதான் வரும். ஃபேன் துருப்பிடிச்சது நிஜம். அது மழை ஒழுகினதால.

மத்தபடி அவர் எழுதினது எல்லாம் சரி. காத்து வந்ததுக்கப்புறம் பொழுது சாயுற வரைக்கும் இந்த வாசல் மாதிரி இடத்தை நான் எங்கயும் பார்த்ததில்ல. வேலை முடிஞ்சு பஸ்ல வந்து இறங்குறப்போ எனக்கே தினமும் நம்பமுடியாமத்தான் இருக்கும். இத்தனைக்கும் நான் எதையும் சுலபமா நம்புறவ இல்ல.

அந்தக் கெட்ட நேரத்துக்கு ஈரச்சட்டை, வாளித் தண்ணி, ஆஸ்பத்திரியிலேருந்து ஐஸ் பை, எல்லாம் என் பொறுப்பு. நான் லீவு போட்டு முதல் வாரம் பக்கத்துலேயே இருப்பேன். வர்றதும் வராததும் அவர் இஷ்டம்.

நீ உடம்பைப் பார்த்துக்கோ. உன்னைப் பத்தி ஒரு வரிகூட எழுத மாட்டேங்கிறியே, ஏன்?

அன்போட,
அண்ணி


மே 30

அன்புள்ள அண்ணிக்கும் அண்ணனுக்கும்,

உங்க ரெண்டு பேரோட நலம் அறிஞ்சு சந்தோஷம்.

அண்ணி, உங்க கடுதாசியை அவர் ரெண்டு தடவை படிக்கச் சொன்னார். முடிச்சதும் கடுதாசியைக் கையில வாங்கி மடிச்சு வச்சார். அப்புறம் சொன்னார்: "கெட்ட நேரம் எதுன்னு தெரிஞ்சா போதும். அதைப் பார்த்துக்கிறதுதானே என் வேலையா இருந்துச்சு. டிக்கெட் போடச் சொல்லு."

டிக்கெட் போடச் சொன்னார், அண்ணி. இதை எழுதுறப்பவே எனக்குக் கை நடுங்குது. இது பேனாவோட குத்தம் இல்ல.

அண்ணன் வந்து கூட்டிக்கிட்டுப் போகட்டும். ஏசி பெட்டியில வந்து, விடியக்காலையில இறங்கிட்டா வெயில் ஏறுறதுக்கு முன்னாடி வீட்டுக்கு வந்துடலாம். நான் இப்போ கூட வர முடியாது. பள்ளிக்கூடம் திறக்கப்போகுது, யூனிஃபார்ம் ஆர்டர் மலையா குவிஞ்சு கிடக்கு. பாதியில விட்டுட்டு வந்தா அத்தனை பிள்ளைங்களும் பழைய சட்டையில போகணும்.

அண்ணி, நீங்க கேட்டதுக்குப் பதில். என்னைப் பத்தி எழுத ஒண்ணும் இல்ல. நான் நல்லா இருக்கேன்.

மறக்காம: அவருக்கு ஈரச்சட்டை காயுறதுக்கு முன்னாடியே மாத்தணும். அவரா கேக்க மாட்டார்.

பொடிசு


ஜூன் 12

பொடிசு,

மாப்பிள்ளை சுகமா வந்து சேர்ந்தார், அதை முதல்ல சொல்லிடுறேன். நாங்களும் சுகம்.

வந்த அன்னிக்கு மேல் ரூம்ல நின்னுக்கிட்டு, "ஜன்னலைத் திறக்கலாமா"ன்னு என்கிட்ட அனுமதி கேட்டார். நீங்களே திறங்கன்னு சொல்லிட்டுக் கீழே இறங்கி வந்துட்டேன்.

மறுநாள் காலையில வாசல்ல வேப்பமரத்து நிழல்ல நாற்காலி போட்டு உக்காந்தார். உள்ளே வாங்கன்னு அண்ணி கூப்பிட்டா. வரமாட்டேன்னுட்டார். அந்த நேரம் எப்படி இருக்குன்னு பார்த்தே ஆகணும்னார். ஈரச்சட்டை போட்டு, காலை வாளித் தண்ணியில வச்சு, அண்ணி தெர்மாமீட்டரோட பக்கத்துலேயே நின்னா. கரைக்காத்து ஓஞ்சுது. மரம் நின்னுபோச்சு. படகுல கட்டியிருந்த கொடியெல்லாம் தொங்கிப்போச்சு. அவர் மூஞ்சி சிவந்து, மூச்சு மேலயும் கீழயும் வாங்குச்சு. நான் பயத்துல வந்துடும், இதோ வந்துடும்னு உளறிக்கிட்டே வாளி வாளியா ஊத்தினேன். "சும்மா இருங்க மச்சான், கேக்கணும்"னார். என்னத்தைக் கேக்குறதுன்னு எனக்குப் புரியல. ஒரு சத்தமும் இல்லையே.

அண்ணி போதும், உள்ளே தூக்கிடலாம்னு எனக்குச் சைகை காட்டினா. நானும் குனிஞ்சுட்டேன். அப்போ அவர் கையை நீட்டினார். "வருது."

பார்த்தேன். தூரத்துல கடல் மேல ஒரு கறுப்புக் கோடு. அது நகர்ந்து வந்துச்சு. தூரத்துப் படகோட கொடி முதல்ல எந்திரிச்சுது. அப்புறம் அடுத்த படகு. அப்புறம் கரையில கிடந்த வலை ஓரம் தூக்குச்சு. என் ஷெட்டுக் கூரையில தகரம் ஒருதரம் தட்டுச்சு. அப்புறம் அவர் முதுகுல ஒட்டிக்கிட்டிருந்த ஈரச்சட்டை அப்படியே உப்பிக்கிட்டு எந்திரிச்சுது. அவர் கண்ணை மூடிக்கிட்டார். மூச்சு ஒவ்வொண்ணா இறங்குறதை நான் பார்த்தேன். பன்னிரண்டு வருஷம் இதே வாசல்ல இருக்கேன். காத்து வர்றதைக் கண்ணால பார்க்க முடியும்னு எனக்குத் தெரியாதும்மா.

கொஞ்ச நேரம் கழிச்சு எந்திரிச்சார். நிழலை விட்டு வெயிலுக்குள்ள நடந்து தண்ணி ஓரம் வரைக்கும் போனார். குடையை எடுத்துக்கிட்டு ஓடினேன், வேண்டாம்னு கையைக் காட்டினார். அங்கேயே நின்னார். சட்டை படபடன்னு அடிச்சுது. எனக்குப் பேச்சு வரலேன்னா நீ நம்பமாட்டே, அண்ணியைக் கேட்டுக்கோ.

இதுக்கு மேல அளக்க எனக்கு வரல.

அண்ணன்


ஜூன் 24

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் நலமா? நான் நலம்.

உன் கடுதாசியை மெஷின்கிட்ட நின்னுக்கிட்டே படிச்சேன். உக்காரத் தோணல. வெயிலுக்குள்ள நடந்து போனார்னு எழுதியிருக்கியே, அந்த இடத்தை மட்டும் எத்தனை தடவை படிச்சேன்னு எனக்கே தெரியாது. பக்கத்து வீட்டுக்காரங்களைக் கூப்பிட்டு வாசிச்சுக் காட்டினேன். அன்னிக்கு ஐஸ் கொண்டுவந்தவங்க ஆச்சே.

இங்க யூனிஃபார்ம் முக்கால்வாசி முடிஞ்சுது. ஏசியை நிறுத்திட்டேன், ஒருத்திக்கு எதுக்குன்னு. டேப்பைக் கிழிச்சு அட்டையை எடுத்துட்டு ஜன்னலோரமா மெஷினைப் போட்டுக்கிட்டேன். வெக்கையா இருந்தாலும் வேலை ஓடுது. ஊசியில நூல் முதல் தடவையிலேயே கோக்க வருது. பித்தான் எல்லாம் சரசரன்னு தைச்சுடுறேன். நேத்து ஒரே நாள்ல இவ்வளவு சட்டையான்னு பள்ளிக்கூடத்து ஆள் ஆச்சரியப்பட்டார்.

அவருக்கு ராத்திரி போர்த்திக்க மெல்லிசா ஏதாவது கொடு. பழக்கமில்லாத காத்து.

பொடிசு


ஜூலை 8

பொடிசுக்கு,

உங்க அண்ணன் கூப்பிடுற பேரையே எடுத்துக்கிட்டேன். எனக்குக் கடுதாசி எழுதிப் பழக்கமில்ல. பாய்லர் ரிப்போர்ட் மட்டும்தான் எழுதியிருக்கேன். இதுவும் அப்படித்தான் வரும்.

உடம்பு தெம்பா இருக்கு. காலையில காத்து திரும்புற நேரத்துல வாளியில காலை வச்சுக்கிட்டு உக்காந்துக்கிறேன். ஒருநாள் காத்து வர ரொம்ப நேரம் ஆச்சு, உங்க அண்ணி அதட்டி உள்ளே துரத்திட்டாங்க. மத்த நாளெல்லாம் அது வந்ததுலேருந்து பொழுது சாயுற வரைக்கும் வெளியிலதான். மச்சான் ஷெட்டுல எஞ்ஜினைப் பிரிச்சா பக்கத்துல நிக்கிறேன். கை தானா ஸ்பேனர் பக்கம் போகுது.

காத்து எந்தப் பக்கத்துலேருந்து ஆரம்பிக்குதுன்னு தினமும் பார்க்கிறேன். மணல் சீக்கிரம் சூடாகுது, தண்ணி சூடாக நேரம் எடுத்துக்குது, அதனால இழுப்பு உண்டாகுது. காரணம் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் தினமும் வாயடைச்சுப் போய்த்தான் நிக்கிறேன். கொஞ்சூண்டு ஆவியை நகர்த்த நாங்க எவ்வளவு நெருப்பு, எவ்வளவு இரும்பு, எவ்வளவு சத்தம் போட்டோம். இங்க வானமே நகருது. யாரும் நெருப்பு மூட்டல, யாரும் வால்வைத் திருப்பல. உங்க அண்ணன் வாழ்க்கையிலேயே முதல் தடவையா ஒரு விஷயத்தைக் குறைச்சுச் சொல்லியிருக்கார்.

உன் கடுதாசி வந்தப்போ மச்சான்தான் முதல்ல கவனிச்சார். "எழுத்து மணிமணியா இருக்கே, பேனா வாங்கிட்டா போல"ன்னார். வாங்கிப் பார்த்தேன். அதே பேனாதான். ஒவ்வொரு வரி முடிவுலயும் அதே மாதிரி மை கசிஞ்சிருக்கு.

சாயங்காலம் உங்க அண்ணி வாசல்ல ரவிக்கைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. உன் கையை நான் கடைசியா எப்போ பார்த்தேன்னு யோசிச்சேன். ஞாபகம் வரல. பச்சை ஸ்வெட்டர்தான் ஞாபகம் வந்துச்சு. ஊரே வெந்துக்கிட்டு இருந்தப்போ நீ ஒருத்தி மட்டும் அந்த ரூம்ல குளிர்ல விரைச்சுப்போய் தைச்சிருக்கே. ஏசியைக் கொஞ்சம் குறைங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல. பேனா சரியில்லன்னு சொன்னே.

இங்க அந்த மாதிரி குளிரும் இல்ல. இதை நான் அளந்து பார்த்துட்டேன்.

மேல் ரூம் மேற்கு ஜன்னல்கிட்ட உன் மெஷினுக்கு இடம் பார்த்து வச்சிருக்கேன். இடது பக்கத்துலேருந்து வெளிச்சம் விழும். மெஷினை லாரியில போட மச்சான் ஆள் பேசிட்டார். யூனிஃபார்ம் முடிஞ்சதும் கிளம்பு. கதவைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டுல கொடுத்துட்டு வா. அந்த வளைஞ்ச மெழுகுவர்த்தியை எடுத்துக்கிட்டு வா. ஸ்வெட்டர் வேண்டாம்.

கண்டக்டர்கிட்ட ஏ.சி. ஸ்டாப்னு சொன்னா இறக்கி விடுவார். காலைப் பஸ்ல வராதே, சாயங்காலமும் வராதே. உச்சி வெயில்ல ஒரு பஸ் இருக்கு, அதுல வா.

நான் ஸ்டாப்ல நிக்கிறேன்.